கழுத்து அளந்த வெள்ளிக்கிழமைகள்

கழுத்தில் கட்டி வந்தபோது அது புற்றுநோயாக இருக்கும் என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. தோளில் கிடந்த செல் குண்டின் துண்டு மேலே ஏறி வருகிறது என்றுதான் நம்பினேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் விசித்திரமான நம்பிக்கை அல்ல. என் இடது தோளுக்குள் உழுந்தளவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. சண்டை முடிகிற காலத்தில் உள்ளே போனது. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும், விட்டால் பேசாமல் கிடக்கும் என்று அப்போது ஒரு டொக்டர் சொன்னார், விட்டுவிட்டோம். புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரிடம் இப்படி ஒன்று இருக்கும். மாரிக்குக் குத்தும், வெயிலுக்கு அடங்கும், இருந்தாற்போல இடம் மாறும் என்று ஆளுக்கொரு ஆராய்ச்சியும் இருக்கும். என் சிநேகிதன் ஒருவனுக்குத் தொடையில் போனது முழங்காலால் வெளியே வந்தது. அவனுடையது கீழே இறங்கியது. என்னுடையது மேலே ஏறுகிறது, ஆளைப் போலவே முன்னேற்றமான துண்டு என்று பெருமைகூடப் பட்டேன்.

என் தொழில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது. கோயில் திருவிழா, கலியாணம், விளையாட்டுப் போட்டி, செத்த வீடு, எதுவென்றாலும் மைக்செற் சிவம்தான். வெறுமனே பெட்டியை இறக்கிவிட்டு வருகிறவன் அல்ல, அறிவிப்பும் நானே. ஆகவே, வீட்டில் பழுதாய்ப் போன ஸ்பீக்கர்களுக்குக் குறைவில்லை. அதில் பெரிய ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்து, படுக்கும்போது தோளோடு சேர்த்துச் சால்வையால் கட்டிக்கொண்டேன். ஏறின துண்டைத் திரும்ப இழுத்துப் பழைய இடத்தில் இருத்துவது திட்டம்.

"இஞ்சரப்பா, உங்களுக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதோ?" என்றாள் என் மனைவி மலர்.

"இது விஞ்ஞானம். உனக்கு விளங்காது."

"விஞ்ஞானம் எண்டால் ஆஸ்பத்திரியிலயும் இருக்குதாம். ஒருக்கால் போய்ப் பாருங்கோவன்."

போகவில்லை. காலபோகம் விதைத்த நேரம் பயறளவில் இருந்த கட்டி, அரிவி வெட்டி முடிய தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நெல்லைவிட நன்றாக விளைந்தது. கடைசியில் முள்ளியவளைப் பக்கம் ஒரு கோயிலில் தேருக்கு அறிவித்துக்கொண்டிருந்தபோது குரல் உடைந்து, இருமி, துப்பியதில் இரத்தம் தெரிந்தது. மைக்கை நிறுத்த மறந்துவிட்டேன். ஊர் முழுக்க என் இருமலைக் கேட்டது. அடுத்த நாள் மலர் என்னை நடத்திக் கொண்டுபோன விதம், பொலிஸ் கொண்டுபோவது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு மூக்கால் ஒரு கமரா வயரை விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். முடிவு வருமட்டும் கிளினிக் வாங்குப் பலகையில் குந்தியிருந்ததுதான் நோயைவிடக் கஷ்டம். எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் பகிடி சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

டொக்டர் ஆறுதலாகச் சொன்னார். அடிநாக்கில் புற்றுநோய் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து கழுத்தில் இருக்கிற நிணநீர்க் கணுவுக்கு இறங்கியிருக்கிறது. நிணநீர்க் கணு என்றால் உடம்பின் காவல் கொட்டில் மாதிரி, வயல் ஓரங்களில் போடுவோமே, அப்படி. கள்ளன் கொட்டிலுக்குள்ளேயே வந்து படுத்துவிட்டான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இது இரும்பில்லையோ டொக்டர்?"

"இரும்போ?"

மலர் பையைத் திறந்து காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இதைக் கட்டிக்கொண்டுதான் டொக்டர் ஒரு போகம் முழுக்கப் படுத்தவர்." மேசையில் கிடந்த கிளிப்புகள் எல்லாம் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டன. டொக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இன்றைக்கும் மறக்கமாட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று மலர் அழுதது எனக்குக் கேட்டது. நான் வெளியே நின்று மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

கதிர்ச்சிகிச்சைக்கு யாழ்ப்பாணப் பக்கம் போய்த் தங்க வேண்டியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன அளவு கதிர். இடையிடையே மருந்து ஏற்றுவார்கள். சனி ஞாயிறு ஓய்வு. தொடங்கு முன்பு ஒரு முகமூடி செய்தார்கள். சுடுதண்ணீரில் தோய்த்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் விரித்து அமத்தினால், ஆறும்போது நம் முகமாகவே இறுகிவிடும். கதிர் விழும்போது தலை ஒரு நூல்கூட அசையாமலிருக்க, அந்த முகமூடியைக் கட்டிலோடு பூட்டுவார்கள். பூட்டின முதல் நாள் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். தெரியாத சில சாமிகளும் வந்திருக்க வேண்டும்.

"உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கோ?" என்று ஸ்கான் எடுக்கிறவர் கேட்டார்.

"வன்னி ஆளிட்டக் கேக்கிற கேள்வியோ தம்பி இது?" என்றேன்.

அந்த முகமூடி வரிசையில்தான் ஜவாத் நானா அகப்பட்டார். முல்லைத்தீவில் புடவைக்கடை. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினபோது போய், பாதி வயதைப் புத்தளத்தில் கழித்துவிட்டு, திரும்பி வந்து கடை திறந்தவர். அவருக்கும் அடிநாக்கு, அவருக்கும் கழுத்து. ஒரே மெசினில் காலையில் முதலில் அவர், பிறகு நான். வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சட்டைப் பையில் பேனை வைத்திருப்பதைப் போல, அவர் துணி அளக்கிற நாடாவை வைத்திருந்தார்.

"தம்பி, கழுத்தைக் காட்டுங்க" என்றார் முதல் வெள்ளிக்கிழமை.

"ஏன் நானா, சட்டை தைக்கவோ?"

"ரெண்டு பேரும் ஒரே நாளில தொடங்கியிருக்கிறம். ஆருக்கு முதல் வத்துதெண்டு பாப்பம். தோக்கிற ஆள் பிளேன்ரீ வாங்கித் தரோணும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும், அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன்பு, வாட்டுக்கு முன்னால் இருந்த நடையில் வைத்து எங்கள் இரண்டு கழுத்தையும் அளந்தார். துணி அளக்கிற பழக்கத்தில் கொஞ்சம் தாராளமாகவே நாடாவை விடுவார். தாதி மிஸ்ஸிமார் வந்து நின்று பார்ப்பார்கள். மற்ற நோயாளிகள் கட்சி பிரிந்தார்கள். நானாவின் கட்டி நல்ல பிள்ளை போல வற்றியது. என்னுடையது, வாடகைக்கு வந்த வீட்டை விட்டு எழும்பமாட்டேன் என்கிற ஆளைப் போல இருந்தது. நான்தான் பிளேன்ரீ வாங்கினேன், பிறகும் நான்தான் வாங்கினேன். இப்போது நினைத்தால், அந்த நடையும், ஜன்னலால் விழுந்த காலை வெயிலும், சூடான பிளேன்ரீயை விழுங்க முடியாமல் நாங்கள் இருவரும் பண்ணிய முகக்கோணல்களும், ஏதோ பள்ளிக்கூடச் சுற்றுலா போல ஞாபகத்தில் நிற்கின்றன. அப்போது அப்படி இருக்கவில்லை. அப்போது தொண்டை வெந்துபோயிருந்தது.

நாக்கில் ருசி போய்விட்டது. மலர் பஸ் ஏறி வந்து, சீலையில் வடித்த கஞ்சி தருவாள். நானாவின் மனைவி வட்டிலப்பம் செய்து அனுப்புவார். எல்லாம் எங்களுக்கு நனைந்த கடதாசிதான். ஆனாலும் நானா கண்ணை மூடி, "நல்ல இனிப்பு" என்பார். "ஓம், கொஞ்சம் தூக்கல்" என்பேன் நான். மலர் ஒருநாள் உப்புப் போட மறந்த கஞ்சியை நான் புகழ்ந்து தள்ள, அவள் அகப்பட்டுக்கொண்ட கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். ஆண்கள் வாட்டில், எல்லோரும் பார்க்க. கலியாணம் கட்டின நாளிலும் அவள் அப்படிச் செய்ததில்லை.

இந்த நேரத்தில்தான் தர்சினி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. செட்டிகுளத்தில் வயல் செய்கிற கமக்காரன் மகள். வெள்ளிக்கிழமைகளில் லாப்டொப்போடு கிளினிக்குக்கு வருவாள். எங்கள் ஸ்கான் படங்களையும், வாராந்த இரத்தச் சோதனை முடிவுகளையும் தன் ஆராய்ச்சிக்குப் பாவிக்கலாமா என்று கேட்டாள்.

"என்ன ஆராய்ச்சி பிள்ளை?"

"கதிர் படேக்க கட்டிக்கு என்ன நடக்குது, உடம்பின்ர நிர்ப்பீடனத்துக்கு என்ன நடக்குது எண்டு கொம்பியூட்டரில கணக்குப் போட்டுப் பாக்கிறன் அங்கிள். நிர்ப்பீடனம் எண்டால் எதிர்ப்புச் சக்தி. உங்கட உடம்புக்குள்ள ஒரு படை இருக்குதெண்டு வையுங்கோ..."

"படை வேண்டாம் பிள்ளை" என்றேன். "வேற ஏதும் சொல்லுங்கோ."

நானா தலையாட்டினார். "ஓம் மகள். படை பாத்தது காணும்."

அவள் சிரித்துவிட்டு யோசித்தாள். "சரி. வயல். தத்திப் பூச்சி விழுந்தால் மருந்தடிப்பீங்கள்தானே? மருந்து தத்தியையும் கொல்லும், தத்தியைத் தின்னுற சிலந்தியையும் கொல்லும். சிலந்தி எல்லாம் செத்தால் தப்பின தத்தி என்ன செய்யும்?"

"வயலைத் திண்டு முடிச்சுப் போடும்."

"கதிரும் அப்பிடித்தான். கட்டியின்ர கலங்களைக் கொல்லுது. அதுகள் சாகேக்க வெளியால விடுற சாமான்கள், வெண்குருதிக் கலங்களை, அதான் சிலந்தியளை, 'இஞ்ச வாங்கோ' எண்டு கூப்பிடுது. அது நல்லது. ஆனா கதிர் அதுகளையும் கொல்லுது. அது கூடாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சமா அடிக்கிறதோ, இடைவெளி விட்டுக் கொஞ்சம் பெரிசா அடிக்கிறதோ, எது சிலந்தியைக் காப்பாத்தும்? ஆக்களில அப்பிடி மாத்தி மாத்திப் பாக்க ஏலாது. அதால கொம்பியூட்டருக்குள்ள உங்களைப் போல ஆயிரம் பேரை உண்டாக்கி, அவைக்கு மாத்தி மாத்திக் குடுத்துப் பாக்கிறன்."

"ஆயிரம் சிவமோ?" என்றார் நானா. "ஒண்டோடயே நாங்கள் படுற பாடு."

நான் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அந்த ஆயிரம் பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் தெரியாது. நான் எப்போது சாவேன் என்பது அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள் இருக்கிறது என்று மனம் பிடித்துக்கொண்டது. காந்தம் கட்டின அதே மனம்தானே.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. நானா நாடாவைப் போட்டார். அவருடைய கழுத்தில் கட்டி கைக்கு அகப்படவில்லை. என் முறை வந்தது. அளந்தார். திரும்ப அளந்தார். நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"என்ன நானா?"

"இண்டைக்கு நாடா சரியில்ல தம்பி."

கூடியிருந்தது. வற்ற வேண்டிய கட்டி வீங்கியிருந்தது. நான் கிளினிக் பக்கம் நடந்தேன். தர்சினி யாருடனோ பேசிக்கொண்டிருக்க, லாப்டொப் திறந்து கிடந்தது. திரையில் இரண்டு கோடுகள். நீலம் கீழே இறங்கியது. சிவப்பு, மலை ஏறுவது போல ஏறிக்கொண்டே போனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சிவப்பு என்றால் உலகத்தில் எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனவன் திங்கட்கிழமை திரும்பவில்லை. லீவு தந்துவிட்டார்கள் என்று மலருக்குப் பொய் சொன்னேன். சாவது என்றால் வாட்டில் ஏன் சாக வேண்டும், என் வயர்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் சாவோம் என்று முடிவு. செவ்வாய்க்கிழமை காலை அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மைக்கைப் பூட்டி, ரெக்கோடரைப் போட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் செத்தால் ஓட்டோவில் லவுட்ஸ்பீக்கர் கட்டி அறிவிப்பார்கள். அது என் வேலை. நான் செத்தால் யார் அறிவிப்பது? எனக்குப் போட்டியாகப் புதிதாக மைக்செற் வாங்கின பொடியனா? அவனுக்கு மூச்சு எடுக்கத் தெரியாது. ஆகவே வெந்த தொண்டையோடு, உடைந்த குரலில், என் மரண அறிவித்தலை நானே பதிவு செய்யத் தொடங்கினேன்.

"முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும், புதுக்குடியிருப்பை வதிவிடமாகவும் கொண்ட, எல்லோராலும் மைக்செற் சிவம் என அன்பாக அழைக்கப்படும்... அன்னார் மலரின் பாசமிகு கணவரும்..."

பாசமிகு என்ற இடத்தில் எனக்கே அழுகை வந்து நிறுத்தினேன். திரும்பினால் வாசலில் மலர். கையில் கத்தரிக்காய்ப் பை.

"உங்கட செத்த வீட்டுக்கும் நீங்கள்தானோ மைக் பிடிக்கப் போறியள்?"

நான் மைக்கின் வயரைக் கழற்றினேன்.

"லீவு இல்லை என்ன?"

"இல்லை."

பையை நிலத்தில் வைத்தாள். கத்தரிக்காய்கள் உருண்டன. அவள் பொறுக்கவில்லை. "எனக்கு இருக்கிறது நீங்கள் ஒராள். அந்த ஒராளைக் கொண்டுபோய் விட்டிட்டு நான் ஒவ்வொரு நாளும் கோயில் கோயிலாத் திரியிறன். நீங்கள் இஞ்ச இருந்து பாசமிகு எண்டு பதியிறியள்." பிறகு என் போனைப் பறித்து ஜவாத் நானாவுக்கு எடுத்தாள். அன்றைக்கு ஸ்கான் படங்கள் வாங்க வந்திருந்த தர்சினியை நானா தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

"அங்கிள்! ஏன் வரேல்ல?"

"சிவப்புக் கோடு பாத்தனான் பிள்ளை. எல்லாம் விளங்கீட்டுது."

"ஐயோ அங்கிள். சிவப்பு உங்கட சிலந்தியள். நீலம்தான் கட்டி. சிவப்பு ஏறினால்தான் நல்லது. அதுகும் நீங்கள் இல்லை, கணக்கில வந்த ஆக்கள்."

"அப்ப என்ர கழுத்து?"

"அந்தச் சிலந்தியள் கூட்டமா வந்தாலும் வீங்கும். புண்ணாலயும் வீங்கும். கட்டி வளந்தாலும் வீங்கும். எது எண்டு எனக்குத் தெரியாது, நான் டொக்டர் இல்லை, கணக்குப் பாக்கிறவள். வந்து காட்டுங்கோ."

தோற்றுப்போகிறேன் என்று தெரிந்தும் கடைசி வாதம் ஒன்றை எடுத்தேன். "இடைவெளி விட்டால் சிலந்தி தப்புமோ எண்டு நீங்கள்தானே பாக்கிறியள்?"

"அது கொம்பியூட்டருக்குள்ள, அங்கிள்! அங்க ஆயிரம் பேரையும் நான் சாகக் குடுக்கலாம், திரும்ப எழுப்பலாம். வெளியால நீங்கள் ஒராள்தான்."

இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் பாராதவர்கள், ஒரே சொல்லைச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சறத்தை மாற்றினேன். போனில் நானாவின் குரல் கேட்டது. "வாங்க தம்பி. நாளைக்கு நீங்க முதல் படுங்க, நான் பின்னால படுக்கிறன். உங்கட பிளேன்ரீ ஆறுது."

கதிர்ச்சிகிச்சை டொக்டர் ஏசினார், நன்றாக. இந்தச் சிகிச்சையில் நாள் விட்டால் தப்பின புற்றுக் கலங்கள் அந்த இடைவெளியில் பெருகும் என்றார். தவறின அளவுகளை ஈடு செய்ய, சில நாட்களில் காலையும் பின்னேரமுமாக இரண்டு தரம் முகமூடிக்குள் படுக்கவைத்தார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ஸ்கான் எடுத்து, வீக்கம் பெரும்பாலும் புண்ணாகிச் சாகிற கட்டியின் வீக்கம் என்றார். "பெரும்பாலும்" என்ற சொல்லை மட்டும் நான் கட்டிலுக்கு எடுத்துப் போனேன். நானா இரவு முழுக்க அதைப் பற்றியே பகிடி விட்டார். அந்தப் பகிடிகள் ஒன்றும் நல்லாயில்லை. ஒன்றையும் நான் மறக்கவில்லை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் இருவருக்கும் ஸ்கான் எடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை. கண்டீனில் பிளேன்ரீக்கு யார் காசு கொடுப்பது என்று சண்டை பிடித்து இரண்டு பேரும் காசு கொடுத்தோம். அதன் பிறகு நான் மாதம் ஒருமுறை முல்லைத்தீவுக்குப் போய் அவருடைய கடையில் குந்தியிருப்பேன். அவர் வாடிக்கையாளர்களிடம், "இவர் பெரிய அறிவிப்பாளர், கொம்பியூட்டருக்குள்ள இவரைப் போல ஆயிரம் பேர் இருக்கிறாங்க" என்று அறிமுகம் செய்வார். சீலை பார்க்க வந்த பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். என் குரல் முழுதாகத் திரும்பவில்லை. உமிழ்நீர் குறைந்ததால் எந்த நேரமும் கையில் தண்ணீர்ப் போத்தல். இரண்டு பேரும் போத்தலோடு குந்தியிருந்து கதைத்த அந்தப் பின்னேரங்களுக்காக, திரும்ப அந்த நோயைத் தந்தால்கூட வாங்கிக்கொள்வேனோ என்று சில நேரம் நினைக்கிறேன். பிறகு முகமூடி ஞாபகம் வரும். வேண்டாம் என்று விடுவேன்.

அடுத்த மாரியில் நானாவுக்கு இருமல் தொடங்கியது. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது.

"தம்பி, இது உள்ளுக்கு. கையால தொட ஏலாது" என்றார் போனில். அதற்குப் பிறகு வேறு கதை கதைத்தார். நெல் என்ன விலை என்று கேட்டார்.

நான் தர்சினியைத் தேடிப் போனேன். ஒரே நோய், ஒரே மெசின், ஒரே அளவு, இடையில் ஓடினவன் நான், ஒருநாள்கூடத் தவறாதவர் அவர், பிறகு ஏன் என்று கேட்டேன்.

"சிகிச்சைக்குள்ள ரெண்டு பேற்ற வெண்குருதிக் கலங்களும் ஒரே மாதிரித்தான் விழுந்தது அங்கிள். உங்கடை திரும்ப எழும்பினது. ஜவாத் அங்கிளின்ரது எழும்பேல்ல. அது காரணமோ, அது வேற ஒண்டின்ர விளைவோ, எனக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் தேடுறன்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் என் தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டினேன்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் ஜவாத் நானா காலமானார். முல்லைத்தீவில் அடக்கம் செய்தார்கள். எனக்கு நோய் திரும்பி வரவில்லை.